கொலையாளி யாரென்று தெரிந்த பிறகு: மாயத் துப்பறியும் நாவலைச் சேர்ந்து மறுவாசிக்க ஒரு வழிகாட்டி

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் கோடையில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். ராத்திரி கூத்து. கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த துரியோதனன் படுகளத்தில் மல்லாந்து கிடப்பான். அவன் தொடையில் அடிபட்டுச் சாகப்போகிறான் என்பது இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் ஊரே விடிய விடியக் கண்விழித்துக் காத்திருக்கும். அடுத்த வருஷமும் வரும். "முடிவு தெரிஞ்ச துப்பறியும் கதையை எதுக்கு மறுபடியும் படிக்கணும்?" என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் படுகளம்தான் நினைவுக்கு வரும்.

வேலூரில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு நாவலை மறுவாசித்தோம். பென் ஆரனோவிச் எழுதி 2011-ல் வெளிவந்த 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்'. லண்டன் போலீஸில் பயிற்சிக் காலம் முடியப்போகிற பீட்டர் கிராண்ட் என்ற கான்ஸ்டபிள், கொலை நடந்த இடத்தில் காவலுக்கு நிற்கும்போது ஒரு சாட்சியைச் சந்திக்கிறான். சாட்சி ஒரு பேய். அங்கிருந்து கதை கிளம்புகிறது. நிஜமான நகரத்துக்குள் மாயம் புழங்கும் இந்த வகையை அர்பன் ஃபேன்டஸி என்கிறார்கள். அதோடு துப்பறிதலும் சேரும்போது மறுவாசிப்புக்கு அதைவிடத் தோதான வகை கிடையாது என்பது என் எண்ணம். முதல் வாசிப்பில் 'யார் செய்தது' என்று ஓடுகிறோம். இரண்டாவது வாசிப்பில்தான் எழுத்தாளர் அதை எங்கே ஒளித்து வைத்தார் என்று நின்று பார்க்க முடியும். ஏழு ஜோடிக் கண்கள் இருந்தால் இன்னும் நிறையத் தெரியும்.

இந்த நாவலையே எடுக்க வேண்டும் என்றில்லை. இதை வைத்து வழியைச் சொல்கிறேன். முடிவை எங்கேயும் உடைக்க மாட்டேன், முதல் முறை படிக்கப் போகிறவரும் தாராளமாகத் தொடரலாம்.

எந்தப் புத்தகம்

மூன்று விஷயம் பாருங்கள். மாயத்துக்கு அந்தக் கதையில் சட்டதிட்டம் இருக்க வேண்டும். நினைத்தபோது நினைத்ததெல்லாம் நடக்கும் என்றால் துப்பறிவதற்கு அங்கே வேலையில்லை. இரண்டாவது, ஊர் நிஜமாக இருக்க வேண்டும், தெருப்பெயரோடு. மூன்றாவது, தொடர்நாவலாக இருந்தாலும் வழக்கு அந்த ஒரே புத்தகத்துக்குள் முடிய வேண்டும்.

புத்தகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்த நாவல் அமெரிக்காவில் 'மிட்நைட் ரயட்' என்ற தலைப்பில் வந்தது. எங்களில் ஒருவர் அதைப் பழைய புத்தகக் கடையில் பார்த்துவிட்டு வேறு கதை என்று வைத்துவிட்டு வந்துவிட்டார். எந்த நாவலானாலும் வேறு பெயரில் பதிப்பு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

யார் யார்

ஐந்து பேருக்குக் குறைந்தால் இரண்டு பேர் வராத வாரம் கூட்டம் படுத்துவிடும். எட்டுக்கு மேல் போனால் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்கள் உருவாகிவிடுவார்கள். ஏழு எங்களுக்குச் சரியாக இருந்தது: ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர், மருத்துவமனை நர்ஸ் ஒருவர், கல்லூரி மாணவிகள் இரண்டு பேர், ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஆசிரியர், காட்பாடியில் கடை வைத்திருக்கும் தம்பி, நான்.

இந்த ஏழில் ஒருவராவது முதல் முறை படிப்பவராக இருக்கட்டும். இதை நான் ரொம்பவும் வலியுறுத்துவேன். மறுவாசகர்கள் எல்லாம் தெரிந்த தெம்பில் பேசுவார்கள். முதல் வாசகர் ஒருவர் எதிரே இருந்தால்தான் ஒரு பத்தி உண்மையிலேயே ஏமாற்றுகிறதா, நமக்குத் தெரிந்ததால் அப்படித் தோன்றுகிறதா என்று சோதிக்க முடியும். அவர் தவறாக யூகிக்கும் ஒவ்வொரு இடமும் எழுத்தாளர் ஜெயித்த இடம். கடைக்காரத் தம்பி எங்களுக்கு அப்படிக் கிடைத்தவன். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் பாதிப் புத்தகம் படித்தோம்.

ஆனால் அவரைக் காப்பாற்றும் பொறுப்பு மற்றவர்களுடையது. இதற்கு முன்னால் நான் சேர்ந்திருந்த ஒரு வாசிப்புக் குழுவில் இரண்டாவது வாரமே ஒருவர் ஆர்வம் தாங்காமல் கொலையாளியைச் சொல்லிவிட்டார். புதிதாக வந்த பெண் மறுவாரம் வரவில்லை. அதனால் விதியை எழுதியே வைத்தோம்: அந்த வாரத்து அத்தியாயத்துக்குப் பின்னால் நடப்பது எதையும் பேசக் கூடாது. "பின்னாடி பாருங்க" என்று சிரிப்பதும் கூடாது, ஏனென்றால் அந்தச் சிரிப்பே பாதியைச் சொல்லிவிடும். முன்கூட்டியே தெரிந்ததைப் பேசியே தீர வேண்டும் என்றால் புதியவர் கிளம்பிய பிறகு கால் மணி நேரம் தனியாக உட்காருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். தம்பியும் அதைப் புரிந்துகொண்டு "சரி அண்ணா, நான் டீ சொல்லிட்டு வீட்டுக்குப் போறேன்" என்று தானே எழுந்துகொள்வான்.

அத்தியாயம் பிரிப்பது

சமமாகப் பிரிக்காதீர்கள். நாவலில் பதினான்கு அத்தியாயங்கள். வாரம் இரண்டு என்று பிரித்தால் கணக்குச் சரியாக இருக்கும், வாசிப்பு சப்பென்று போகும். நாங்கள் முதல் வாரம் முதல் அத்தியாயத்தை மட்டும் எடுத்தோம். அடுத்து 2, 3. பிறகு 4 முதல் 6 வரை. ஏழாவது அத்தியாயம் தனியாக. பிறகு 8 முதல் 10, 11 முதல் 13. கடைசி வாரம் 14, கூடவே மறுபடியும் 1. துப்பறியும் கதையில் முதல் அத்தியாயம்தான் அதிகம் ஒளித்து வைத்திருக்கும் அத்தியாயம். கடைசிப் பகுதி ஓட்டம், அதை ஓடியே படிக்கலாம்.

பக்க எண்ணை நம்பாதீர்கள். ஒருவரிடம் காகிதப் புத்தகம், ஒருவரிடம் கிண்டில், ஒருவரிடம் அமெரிக்கப் பதிப்பு. "மூன்றாம் அத்தியாயம், சவக்கிடங்கு காட்சி" என்று காட்சியைச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்று பத்தி நோட்டு

ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரியுங்கள்: துப்பு, விதி, ஊர்.

துப்பு என்றால் கொலையாளியைக் காட்டும் எதுவும். மறுவாசகர் எழுத வேண்டியது 'என்ன துப்பு' என்பதோடு 'அதை எது மறைத்தது' என்பதும். மறைக்கும் வித்தை பெரும்பாலும் மூன்று வகைதான். வேடிக்கையான வாக்கியத்துக்குள் வைப்பது. நாலைந்து பொருட்களை அடுக்கும்போது நடுவில் சொருகுவது. அப்புறம், ஒருவர் துக்கத்தில் இருக்கும்போது சொல்ல வைப்பது, அழுகிறவரின் வார்த்தையை நாம் ஆதாரமாகக் கேட்பதில்லை. இன்னொன்றும் எழுதுங்கள்: ஒவ்வொரு காட்சியிலும் யார் அங்கே இல்லை. ஏன் என்று இங்கே சொல்ல மாட்டேன்.

விதி என்பது மாயத்தின் சட்டம். இந்த நாவலில் மந்திரம் பக்கத்தில் இருக்கும் செல்போன் சிப்பைப் பொடியாக்கிவிடும். மிதமிஞ்சிச் செய்தால் செய்கிறவரின் மூளையையே தின்றுவிடும். மந்திரம் நடந்த இடத்தில் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு நினைவு போல ஏதோ படிந்திருக்கும், அதற்கு வெஸ்டிஜியா என்று பெயர். நியூட்டன்தான் இந்த மந்திரக் கல்விக்கு இலக்கணம் வகுத்தவர் என்று கதை சொல்கிறது. விதிகளைத் தேதி போட்டு எழுதுங்கள், அதாவது எந்த அத்தியாயத்தில் தெரிந்தது என்று. முடிவில் எழுத்தாளர் நியாயமாக ஆடினாரா என்று தீர்ப்புச் சொல்ல இந்தப் பத்திதான் உதவும். வாசகருக்கு முன்பே சொல்லாத ஒரு விதியை வைத்து வழக்கை முடித்தால் அது அழுகுணி ஆட்டம்.

இந்த இடத்தில் எங்கள் நர்ஸ் அக்காவைச் சொல்ல வேண்டும். மூளை பாதிப்பைப் பரிசோதிப்பவர் டாக்டர் வாலித், ஸ்காட்லாந்துக்காரர், குடல் இரைப்பை நிபுணர். "வயித்து டாக்டருக்கு மூளையில என்ன வேலை?" என்று அக்கா கேட்டார். நாங்கள் யாரும் கவனித்ததே இல்லை. பிறகு அவரே சொன்னார், "ஆஸ்பத்திரியில அப்படித்தான். ஒரு விஷயத்துல ஆர்வம் இருக்கிறவர் கையில அந்தக் கேஸ் எல்லாம் தானா போய்ச் சேரும்." மருத்துவமனையைச் சுற்றி வாழும் ஊரில் படித்ததால் கிடைத்த வரி அது.

ஊர் என்ற மூன்றாவது பத்திக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

ஆங்கிலத்தை என்ன செய்வது

எல்லாருக்கும் ஒரே அளவு ஆங்கிலம் வராது. கூச்சம் வந்தால் பேச்சு நின்றுவிடும். ஒவ்வொரு வாரமும் ஒருவர் ஒரே ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கட்டும், இன்னொருவர் அதைத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். மொழிபெயர்ப்பு வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போலச் சொன்னால் போதும்.

லண்டன் போலீஸ் பதவிகளுக்கு நேர் பதவி தேடி மண்டையை உடைக்காதீர்கள், வேலையைப் பாருங்கள். பீட்டரின் பயம் ஒன்று உண்டு: மற்றவர்கள் பிடித்த கேஸுக்குக் காகித வேலை பார்க்கும் பிரிவில் தன்னைப் போட்டுவிடுவார்களோ என்று. அவனுடைய தோழி லெஸ்லி மே என்பவளுக்குக் கொலை வழக்குப் பிரிவில் வாய்ப்பு வருகிறது. ரயில்வே சார் ஒரே வரியில் விளக்கினார்: "ஸ்டேஷன் ரைட்டராவே ஆயுசு முடிஞ்சிடும்னு பயப்படறான்." அத்தோடு எல்லாருக்கும் புரிந்தது.

நம் காதுக்குக் கேட்காத துப்பு

இதற்குத்தான் ஏழாவது அத்தியாயத்தைத் தனியாக எடுக்கச் சொன்னேன். ஆழமாகப் போக வேண்டிய இடம் இது.

கொலையுண்டவர் வளர்த்த நாய் ஒன்று கதையின் தொடக்கத்திலேயே வருகிறது. அதன் பெயர் டோபி. அது ஒருவரின் மூக்கைக் கடித்திருக்கிறது. நாம் படித்துவிட்டுக் கடந்து போய்விடுவோம். பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மலாட்டம் பார்த்து வளர்ந்தவருக்கு அங்கே ஒரு மணி அடிக்கும். அந்த ஆட்டத்தில் பஞ்சின் மூக்கைக் கவ்வும் நாய் டோபிதான். பஞ்ச் தன் குழந்தையைத் தூக்கி எறிவான், மனைவியை அடித்துக் கொல்வான், பிடிக்க வந்தவனை அடிப்பான், கடைசியில் தூக்குப் போடுகிறவனையே ஏமாற்றித் தூக்கில் மாட்டிவிடுவான். கூட்டம் சிரிக்கும். 1662 மே மாதம் சாமுவேல் பெப்பிஸ் தன் நாட்குறிப்பில் காவென்ட் கார்டனில் இப்படியொரு பொம்மலாட்டம் பார்த்ததாக எழுதியிருக்கிறார். நாவலில் முதல் கொலை நடப்பதும் அதே காவென்ட் கார்டனில், இனிகோ ஜோன்ஸ் கட்டிய புனித பால் தேவாலயத்தின் முன்னால். பிச்சினி என்ற பொம்மலாட்டக்காரரின் ஆட்டம் 1828-ல் குரூக்ஷாங்க் படங்களோடு அச்சானது. அந்தப் பிரதி நாவலில் முக்கியமான சாமான்.

ஆக, துப்பு முதலிலிருந்தே நம் கண் முன்னால் கிடந்தது. நம் காதுக்குத்தான் கேட்கவில்லை. ஒரு கதையில் மலையேறும் மனிதரின் பின்னால் கடைசிவரை ஒரு நாய் நடந்து வந்தால் நமக்கு உடனே தருமர் நினைவுக்கு வருவார், லண்டன்காரருக்கு வர மாட்டார். அதே மாதிரிதான் இதுவும்.

கூட்டத்தில் இதை எப்படிக் கொண்டுவருவது? நாங்கள் செய்தது: ஏழாவது அத்தியாயத்துக்கு வரும்போது ஆசிரியரை பஞ்ச் கதையைப் படித்துவிட்டு வரச் சொன்னோம். அவர் நாவலைத் தொடாமல் பஞ்ச் கதையை மட்டும், கூத்தில் கட்டியங்காரன் பேசுவது போல, பத்து நிமிஷம் சொன்னார். சொல்லும்போதே கடைக்காரத் தம்பி நோட்டைப் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தான். குழந்தை என்று வந்ததும் கை நின்றது. மூக்கு என்று வந்ததும், "நாய் பேரு எழுதியிருக்கேன் அண்ணா, இரண்டாவது வாரமே எழுதியிருக்கேன்" என்று நோட்டைத் தூக்கிக் காட்டினான். பென்சிலில் 'டோபி' என்று எழுதி, பக்கத்தில் 'தேவையில்லை' என்று போட்டிருந்தான்.

உங்கள் நாவல் எதுவானாலும் இந்த வேலையைச் செய்யுங்கள். அந்த ஊர்க்காரருக்குத் தாய்ப்பாலோடு தெரிந்த கதை எது, பாட்டு எது, விளையாட்டு எது என்று ஒருவர் தேடிக்கொண்டு வரட்டும். தேடும்போது நாவலின் முடிவு கண்ணில் படலாம், அதனால் தேடுகிறவர் மறுவாசகராக இருக்க வேண்டும்.

எங்கே, எப்போது

ஞாயிறு சாயங்காலம் ஐந்தரைக்குக் கோட்டைப் பூங்கா. வேலூர் வெயிலில் அதற்கு முன்னால் வெளியே உட்கார்ந்தால் பேச்சு வராது. மழைக்காலத்தில் யாராவது ஒருவர் வீடு. அக்கினி நட்சத்திரத்தில் மொட்டை மாடி, தண்ணீர் தெளித்துவிட்டு ஏழு மணிக்கு மேல். ஒன்றரை மணி நேரம் போதும். ஆற்காட்டு ஆசிரியர் மக்கன் பேடா கொண்டுவரும் வாரம் மட்டும் இரண்டு மணி நேரம் ஆகும்.

பேசுவது எப்படி

முதல் பத்து நிமிஷம் புதியவருக்கு. அவர் யாரைச் சந்தேகப்படுகிறார், ஏன் என்று சொல்லட்டும். யாரும் தலையாட்டக் கூடாது. பிறகு சத்த வாசிப்பு. பிறகு நோட்டுகளைத் திறப்பது.

ஒரே ஒரு சட்டம்: எதைச் சொன்னாலும் காட்சியைக் காட்ட வேண்டும். "எனக்கு அப்படித் தோணுச்சு" என்பது பேச்சைத் தொடங்கலாம், முடிக்க முடியாது. முதல் வாரம் ரயில்வே சார் இதற்கு நல்ல வழி காட்டினார். பேயைச் சந்திக்கும் காட்சியைப் படித்து முடித்ததும், "பாருங்கம்மா, இவன் பயந்து ஓடலை. சாட்சிகிட்ட கேக்கற மாதிரியே கேக்கறான், என்ன பார்த்தே, யாரைப் பார்த்தேன்னு. பயம் அப்புறமாத்தான் வருது" என்றார். மாணவிகளில் ஒருத்தி உடனே அதே காட்சியை எடுத்து, "ஆமா சார், அதோட அவன் தனியா நிக்கறப்போதான் சாட்சி வருது" என்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் விரல் வைத்துப் பேசினார்கள். அந்த வாரம் முழுக்க அந்த ஒரு பக்கத்தில்தான் இருந்தோம்.

சண்டையும் வரும், வரட்டும். எங்களுக்கு வந்த பெரிய சண்டை பீட்டர் பெண்களைப் பார்க்கும் விதம் பற்றி. முதல் வாசிப்பில் வேடிக்கையாகக் கடந்து போன வர்ணனைகள் மறுவாசிப்பில் உறுத்தின. "கதை சொல்றவன் இருபது சொச்சம் வயசுப் பையன், அப்படித்தான் பார்ப்பான்" என்றார் ஆசிரியர். "அவன் அப்படிப் பார்க்கட்டும் சார், அந்தப் பெண்கள் வழக்குல என்ன செய்யறாங்கன்னு அவன் கவனிக்காம விட்டதை நாம கவனிக்கணும்ல?" என்றாள் இன்னொரு மாணவி. நான் அவள் பக்கம். கதைசொல்லி எதைப் பார்க்கிறான் என்பதும் துப்புதான், எதைப் பார்க்காமல் போகிறான் என்பதும் துப்புதான்.

ஊர்

மூன்றாவது பத்திக்கு வருவோம். லண்டன் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து, பெயர் வரும்போதெல்லாம் புள்ளி வையுங்கள்: காவென்ட் கார்டன், மந்திரவாதிகளின் தலைமையிடம் இருக்கும் ரஸல் சதுக்கம், நாவலில் ஆறே ஆளாக வரும் தேம்ஸ் அம்மா வாழும் வாப்பிங், டெடிங்டன் அணை. கடல் ஓதம் ஏறுவது டெடிங்டன் வரைதான். அதற்குக் கீழே தேம்ஸ் அம்மாவின் ராஜ்யம், மேலே தேம்ஸ் கிழவருடையது. 1858 கோடையில் லண்டன் முழுக்க ஆற்றின் துர்நாற்றம் தாங்க முடியாமல் போனதும், பிறகு பொறியாளர் பஸால்கெட் பாதாளச் சாக்கடை கட்டியதும் சரித்திரம். டைபர்ன், ஃப்ளீட் போன்ற ஓடைகள் இன்றும் தெருவுக்கு அடியில் குழாயில் ஓடுகின்றன. நாவலில் அவை பெண்களாக வந்து கதவைத் தட்டுகின்றன.

புள்ளி வைத்து முடித்ததும் சொந்த ஊரை எடுங்கள். எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு: தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஒவ்வொன்றும் ஒரு வழக்குக் கட்டு மாதிரி இல்லையா? சாமி இல்லாத கோயிலின் வழக்கு 1981-ல் முடிந்தது, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்தபோது. ராஜா இல்லாத கோட்டையில் 1806 ஜூலை 10 விடியலில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அங்கே சிறையிருந்த கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1832-ல் இங்கேயே இறந்தார், சமாதி பாலாற்றங்கரையில். தண்ணி இல்லாத ஆறு 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியது.

மூன்றாவது வாரம் ஒரு கேள்வி வைத்தோம்: பாலாறு ஒரு ஆளாக வந்தால் யாராக வருவாள்? ரயில்வே சார் யோசிக்கவே இல்லை. "கிழவி. மணலுக்கு அடியில படுத்திருக்கா. நாங்க சின்னப் பசங்களா இருக்கச்சே கையால ஊத்துத் தோண்டினா தண்ணி வரும், அது அவ பேசற மாதிரி. இப்ப மணலே இல்லையே, எங்கே படுப்பா?" நர்ஸ் அக்கா, நந்தி மலையில் பிறந்து மூன்று மாநிலம் கடந்து வருகிறவள் மூன்று மொழி பேசுவாள் என்றார். அதற்குப் பிறகு நாவலில் ஓடைப் பெண்கள் கோபப்படும் காட்சிகள் எங்களுக்கு வேடிக்கையாகப் படவில்லை. சாக்கடையாக்கி மூடப்பட்ட ஆற்றின் கோபம் என்ன என்று புரிந்து படித்தோம்.

முடிந்தால் ஒரு நடை போங்கள். நாங்கள் கோட்டையிலிருந்து புறப்பட்டுப் பாலாற்றுப் பாலம் வரை நடந்தோம். பீட்டர் போல ஒவ்வொரு இடத்திலும் நின்று, இங்கே என்ன படிந்திருக்கிறது, என்ன வாசனை, என்ன சத்தம் என்று ஆளுக்கொரு வரி எழுதினோம். அகழி ஓரத்தில் ஏழு பேரில் மூன்று பேர் பாசி வாசனை என்றே எழுதியிருந்தார்கள். பாலத்தின் மேல் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை, லாரிச் சத்தம்.

கடைசி வாரம்

பதினான்காம் அத்தியாயத்தைப் பேசி முடித்ததும் விதிப் பத்தியை ஒவ்வொருவரும் சத்தமாகப் படியுங்கள். முடிவுக்குத் தேவைப்பட்ட ஒவ்வொரு விதியும் முன்பே சொல்லப்பட்டதா என்று டிக் போடுங்கள். எங்கள் கணக்கில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. அது எது என்பதில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பிறகு புத்தகத்தை மூட விடாதீர்கள். அதே உட்காரலில் முதல் அத்தியாயத்தை மறுபடியும் படியுங்கள், இந்தத் தடவை புதியவர் படிக்கட்டும். இப்போது அவரும் மறுவாசகர்தான். கோட்டைப் பூங்காவில் விளக்கு போட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. தம்பி தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் படித்துக்கொண்டே வந்தான். தேவாலய வாசல், குளிர், சாட்சி. முன்பு நாங்கள் அவன் முகத்தைப் பார்த்தோமே, அதே மாதிரி இப்போது அவன் எங்களைப் பார்த்துவிட்டு, "இது இங்கேயே இருந்திருக்குல்ல அக்கா" என்றான். நர்ஸ் அக்கா விரலை உதட்டில் வைத்து, "படி" என்றார்.